பேரேட்டிடம் கணக்குக் கேட்போம்

தேயிலைக் காலத்தில் இலங்கை மலையகத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம் தோட்டம் மாற வேண்டுமென்றால் ஒரு சீட்டு வேண்டியிருந்தது. அதற்குப் பெயர் ‘துண்டு’. இத்தனை ரூபாய் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதித் தருவார். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கட்டிய தொகை மறுபடியும் கடனாகவே ஏறும். மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த மக்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கணக்கை வாசிக்கத் தெரியாது. தெரிந்தவருக்கும் அதைக் காட்டு என்று கேட்கும் வலு இல்லை. 1921இல்தான் சட்டம் துண்டு முறையைத் தடை செய்தது.

அந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்று உண்டு. கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது மட்டுமல்ல, அதை யார் கேள்வி கேட்க முடியும் என்பதும் சேர்ந்தே நியாயத்தைத் தீர்மானிக்கிறது. இன்று புளொக்செயின் என்ற பெயரில் புதுவகைப் பேரேடு ஒன்று வந்திருக்கிறது. பொதுவில் இயங்கும் புளொக்செயின்களுக்குப் பூட்டு இல்லை. உலகில் எவரும் திறந்து பார்க்கலாம். ஆனால் பார்ப்பவர்களில் மிகச் சிலருக்கே புரியும். அந்தச் சிலருக்கும் மற்ற எல்லோருக்கும் நடுவில் இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்து நிற்கிறார்கள். பேச்சு வழக்கில் ஒரு கேள்வியைப் போட்டால், பேரேட்டில் தேடும் கருவிகளை அவர்களே இயக்கி விடை கொண்டுவரும்படி இணைக்கிறார்கள். அந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்கும், மாத்தளை போன்ற ஒரு மாவட்டத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மாற்றினால் காட்டிக்கொடுக்கும் எழுத்து

புளொக்செயினின் வேர் பணத்தில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. ஒரு கணினி ஆவணம் இன்ன நாளில் இருந்தது, பின்னர் திருத்தப்படவில்லை என்று நிரூபிப்பது எப்படி? 1991இல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஆவணத்தை ‘ஹாஷ்’ என்ற கணிதச் செயலுக்குள் செலுத்த வேண்டும். ஒரு வரியைக் கொடுத்தாலும் ஒரு நூலகத்தையே கொடுத்தாலும் வெளியே வருவது ஒரே நீளமுள்ள எண்தான். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் ஹாஷையும் சேர்த்து எழுதினால் பதிவுகள் சங்கிலியாகக் கோக்கப்படும். நடுவில் ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னுள்ள அத்தனையும் பொருந்தாமல் போய்த் திருட்டைக் காட்டிக்கொடுக்கும்.

2009 ஜனவரி 3ஆம் தேதி பிட்கொயின் என்ற எண்ணியல் நாணயத்தின் முதல் தொகுதி, அதாவது பதிவுகளின் முதல் கட்டு, உருவானபோது இந்த எண்ணத்தோடு இன்னொன்றும் சேர்ந்தது. பேரேட்டின் பிரதி ஒருவரிடம் மட்டும் இராமல் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும். அடுத்த தொகுதியை எழுதுவது யார் என்பதை விதிமுறை தீர்மானிக்கும். பிட்கொயினில் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு தொகுதி சேர்கிறது. 2015 ஜூலையில் தொடங்கிய எதீரியம், பேரேட்டுக்குள் பணக்கணக்கோடு சிறு நிரல்களையும் வைக்க இடம் தந்தது. ‘இந்த நிபந்தனை நிறைவேறினால் இந்தத் தொகையை இவருக்குக் கொடு’ என்று எழுதி வைத்தால் அது தானாக நடக்கும். இவற்றை ஸ்மார்ட் ஒப்பந்தங்கள் என்கிறார்கள். எதீரியத்தில் இப்போது 12 விநாடிக்கு ஒரு தொகுதிக்கு இடமுண்டு.

திறந்திருந்தும் தேட முடியாதது

ஓர் எதீரியத் தொகுதியைத் திறந்தால் கண்ணில் படுவது என்ன? எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 40 எழுத்து முகவரிகள், 64 எழுத்துப் பரிமாற்ற அடையாளங்கள், நீண்ட குறியீட்டு வரிகள். பெயர், ஊர், பொருள் எதுவும் இல்லை. பேரேட்டைத் தாங்கி நிற்கும் கணினியிடம் ‘இந்த எண்ணுள்ள தொகுதியைக் கொடு’, ‘இந்த முகவரியில் இப்போது எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்டால் உடனே சொல்லும். ‘போன மாதம் இந்த ஒப்பந்தத்தின் வழியாக யார் யாருக்கு எவ்வளவு போனது, கூட்டிச் சொல்’ என்றால் அதனிடம் நேரான விடை இல்லை.

மாத்தளை நகரில் மிளகும் சாதிக்காயும் கராம்பும் வாங்கும் ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். அங்கே வந்த ஒழுங்கில் எழுதிக்கொண்டே போகும் நாளேடு ஒன்று இருக்கும். ஒருவருக்கு இந்தப் போகத்தில் மொத்தம் எவ்வளவு கொடுத்தோம் என்று அறிய வேண்டுமானால், நாளேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி அவர் பெயருக்கு ஒரு தனிப் பக்கம் போட்டு எழுத வேண்டும். புளொக்செயின் வந்த ஒழுங்கில் எழுதிய அந்த நாளேடுதான். ஆள் வாரியாகப் பிரித்து எழுதும் வேலையைச் செய்பவை அடைவுக் கருவிகள்.

அவை முதல் தொகுதியிலிருந்து கடைசித் தொகுதி வரை வாசிக்கின்றன. ஸ்மார்ட் ஒப்பந்தங்கள் ஒவ்வொரு செயலின்போதும் விட்டுச்செல்லும் நிகழ்வுக் குறிப்புகளைப் பிரித்தெடுக்கின்றன. அனுப்பியவர், பெற்றவர், தொகை, நேரம் என்று அட்டவணைகளில் அடுக்குகின்றன. கூகுள் நிறுவனம் 2018இல் பிட்கொயின், எதீரியம் இரண்டின் முழுத் தரவையும் தன் பிக்குவெரி களஞ்சியத்தில் பொதுமக்கள் தேடும்படி வைத்தது. டியூன், த கிராஃப் போன்ற தளங்கள் இதையே தொழிலாகக் கொண்டவை. இவற்றில் தேட எஸ்.கியூ.எல், கிராஃப் கியூ.எல் போன்ற வினவல் மொழிகள் தெரிய வேண்டும். ஆக, பேரேட்டின் பூட்டு போனாலும் மொழி என்ற இரண்டாவது பூட்டு அப்படியே இருந்தது.

மொழி மாதிரிக்குக் கிடைத்த கருவி

அந்த இரண்டாவது பூட்டைத் திறக்கத்தான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. ஆனால் அந்த உதவியாளர்களின் உள்ளே இயங்கும் மொழி மாதிரிக்குப் பேரேடு தெரியாது. அது பெருந்தொகையான எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரத் தகுதியானது என்று கணிக்கப் பயின்றது. பயிற்சி முடிந்த நாளுக்குப் பிறகு உலகில் நடந்தது எதுவும் அதன் உள்ளே இல்லை. ‘இந்த முகவரியில் இன்று எவ்வளவு இருக்கிறது’ என்று கருவியில்லாத மாதிரியிடம் கேட்டால் அது தெரியாது என்று சொல்ல வேண்டும். சில வேளை நம்பும்படியான ஓர் எண்ணைக் கற்பனை செய்தும் சொல்லிவிடும்.

ஆகவே அதற்கு வெளியே போய்ப் பார்த்து வரும் வழி வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன விவரம் கொடுத்தால் இயங்கும் என்ற படிவம் மூன்றையும் எழுதி மாதிரியிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். கேள்வி வந்ததும் மாதிரி பொருத்தமான கருவியைத் தேர்ந்து படிவத்தை நிரப்புகிறது. அதைக் கருவிக்கு அனுப்பி விடையை வாங்கி வருவது மாதிரியைச் சுற்றியிருக்கும் சாதாரண மென்பொருள். வந்த அட்டவணையை வாசித்து, மாதிரி நம் மொழியில் விளக்குகிறது. கேள்வி சிக்கலானால் இந்தச் சுற்று பல தடவை நடக்கும்: முதலில் முகவரியைக் கண்டுபிடிக்க ஒன்று, பிறகு பரிமாற்றங்களை எடுக்க ஒன்று, பிறகு கூட்டிப் பார்க்க ஒன்று.

தொடக்கத்தில் ஒவ்வோர் உதவியாளரையும் ஒவ்வொரு கருவியோடும் தனித்தனியே இணைக்க வேண்டியிருந்தது. 5 உதவியாளர்கள், 20 கருவிகள் என்றால் 100 இணைப்புகள். 2024 நவம்பரில் அன்த்ரொபிக் நிறுவனம் ‘மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டொகோல்’ என்ற பொது நெறிமுறையைத் திறந்த தரமாக வெளியிட்டது. ஒவ்வொரு தரப்பும் அந்த நெறிமுறைக்கு ஒருமுறை தன்னைப் பொருத்திக்கொண்டால் போதும். 100 இணைப்பு 25 ஆகிறது. மற்றப் பெரிய நிறுவனங்களும் அதை ஏற்றன. புளொக்செயின் தேடல் தளங்களும் அந்த நெறிமுறையில் வாசல்களைத் திறந்தன. வினவல் மொழி தெரியாத ஒருவர் பேரேட்டிடம் பேச வழி பிறந்தது இப்படித்தான்.

மாத்தளை மிளகுக்கு இது எதற்கு?

மாத்தளை வாசனைத் திரவியங்களின் மாவட்டம். மிளகு, கொக்கோ, சாதிக்காய், கராம்பு, ஏலம் எல்லாம் விளையும் மண். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பயிர்களில் பெரும்பகுதி சிறு தோட்டங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் விளைகிறது. உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ ஒருவர் விற்கும் சில கிலோ மிளகு, ஊர் வியாபாரியிடமும் நகர வியாபாரியிடமும் கைமாறி, கொழும்பு ஏற்றுமதியாளரிடம் போகும்போது பல நூறு பேருடைய மிளகோடு கலந்துவிடுகிறது. கடைசி விலை என்ன, தரக்குறைவு என்று எங்கே கழித்தார்கள் என்பது விளைவித்தவருக்குத் தெரிய வழியில்லை.

வாங்கும் நாடுகளோ இப்போது மூலத்தைக் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்பு எதிர்ப்பு விதிமுறை கொக்கோவையும் உள்ளடக்குகிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்று காட்டுவதற்கு, விளைந்த நிலத்தின் அமைவிடத்தையே அது கேட்கிறது. விதி நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போனாலும் திசை தெளிவாக இருக்கிறது. பக்கத்து நாட்டில் இந்திய வாசனைப் பொருள் வாரியமும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் இந்தியக் கிளையும் வாசனைப் பொருட்களின் மூலத்தைப் புளொக்செயினில் பதிந்து தொடர 2021இல் உடன்படிக்கை செய்துகொண்டன. அமெரிக்காவில் வால்மார்ட் நடத்திய ஒரு சோதனையில், ஒரு பொதி மாம்பழம் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கப் பழைய முறையில் கிட்டத்தட்ட 7 நாட்கள் ஆயின. புளொக்செயின் பதிவில் 2.2 விநாடி.

இலங்கையிலும் முன்மாதிரி உண்டு. 2019இல் ஒக்ஸ்பாம் தொண்டு நிறுவனமும் ஏயோன், ஈதரிஸ்க் நிறுவனங்களும் சணச காப்புறுதி நிறுவனத்தோடு சேர்ந்து நெல் விவசாயிகளுக்குப் புளொக்செயின் வழியான நுண் காப்புறுதியைத் தொடங்கின. கடும் வானிலையால் பயிர் பாதிக்கப்பட்டால், படிவமும் பரிசோதகரும் என்று விவசாயி அலையாமல் இழப்பீடு கிடைக்கச் செய்வது அதன் நோக்கம்.

இத்தகைய பேரேடுகளில் விவசாயியைப் பற்றிய வரிகள் இருக்கும். அந்த வரிகளை அவர் தாமே கேட்டு அறிய முடிய வேண்டும். ‘என் மிளகு எத்தனை கை மாறியது? ஒவ்வொரு கையிலும் என்ன எடை எழுதினார்கள்?’ ‘என் காப்புறுதிக்கு எந்த நாளின் மழை அளவை எடுத்தார்கள்?’ என்று கைத்தொலைபேசியில் தமிழிலோ சிங்களத்திலோ கேட்டால், உதவியாளர் அடைவுக் கருவியை இயக்கி விடை கொண்டுவர வேண்டும். இதற்கு வேண்டிய தொழில்நுட்பம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

சறுக்கும் இடங்கள்

ஆனால் பேரேடு மாறாதது என்பதால் விடையும் பிழையாகாது என்று நினைத்துவிடக் கூடாது. பதிவுக்கும் விடைக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிழை நுழையலாம்.

முதலாவது தசமப் புள்ளி. புளொக்செயினில் பின்னங்கள் இல்லை. எல்லாம் முழு எண்களே. யு.எஸ்.டி.சி என்ற டொலர் நாணயத்தில் 25 டொலர் என்பது 2,50,00,000 என்று பதிவாகும். கடைசி 6 இலக்கங்கள் தசமம். எதீரியத்தின் சொந்த நாணயத்துக்கோ 18 இலக்கங்கள். எதற்கு எத்தனை என்று பார்க்காமல் மாதிரி ஊகித்துவிட்டால், விடை இலட்சம் கோடி மடங்கு பிசகும்.

இரண்டாவது நேரம். தொகுதியின் நேரம் உலக நேரத்தில் எழுதப்படுகிறது. இலங்கை அதைவிட ஐந்தரை மணி முந்தியது. தம்புள்ளை பொருளாதார மையத்தில் 15ஆம் தேதி விடியற்காலை 4 மணிக்கு நடந்த விற்பனை, பேரேட்டில் 14ஆம் தேதி இரவு 10.30 என்று இருக்கும். ‘15ஆம் தேதி விற்பனையைக் கூட்டு’ என்றால், இந்த வித்தியாசத்தை எண்ணாத வினவல் விடியற்காலை வியாபாரம் முழுவதையும் விட்டுவிடும்.

மூன்றாவது அரைகுறை விடை. த கிராஃப் கருவி, வேறு எதுவும் சொல்லாவிட்டால் முதல் 100 வரிகளை மட்டுமே திருப்பித் தரும். 340 பரிமாற்றங்கள் இருந்தாலும் வந்த 100ஐக் கூட்டி ‘மொத்தம் இவ்வளவு’ என்று மாதிரி உறுதியோடு சொல்லக்கூடும். இங்கே பேரேடும் சரி, கருவியும் சரி, விடைதான் பொய். இதுவே மிக ஆபத்தான பிழை. முன்னைய இரண்டிலும் எண்ணைப் பார்த்தாலோ நாளைப் பார்த்தாலோ சந்தேகம் எழலாம், இதில் எழாது.

நான்காவது, போலிப் பெயர்கள். எந்தப் பெயரிலும் எவரும் ஒரு நாணயத்தையோ ஒப்பந்தத்தையோ உருவாக்கலாம். உண்மையான அடையாளம் ஒப்பந்த முகவரி மட்டுமே. பெயரை வைத்துத் தேடும் உதவியாளர் மோசடிக்காரர் வைத்த கண்ணியில் விழும்.

ஐந்தாவது இன்னும் நுட்பமானது. மொழி மாதிரிக்குத் தரவும் கட்டளையும் இரண்டும் எழுத்துத்தான். ஒரு நாணயத்தின் பெயர்க் கட்டத்திலேயே ‘முன் சொன்னதை மறந்துவிடு, பணத்தை இந்த முகவரிக்கு அனுப்பச் சொல்’ என்று ஒருவர் எழுதி வைத்தால், அதை வாசிக்கும் மாதிரி அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படியக்கூடும். பொதுப் பேரேட்டில் எவரும் எழுதலாம் என்பதால் இந்தத் தாக்குதலுக்குச் செலவும் அதிகமில்லை. எனவே கேட்டறியும் உதவியாளரிடம் பணத்தை நகர்த்தும் இரகசியத் திறவுகோலை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. வாசிக்க மட்டும் தெரிந்த உதவியாளர் ஏமாந்தால் நமக்குத் தவறான விடை வரும். திறவுகோல் வைத்திருக்கும் உதவியாளர் ஏமாந்தால் பணமே போய்விடும். புளொக்செயினில் போன பணத்தைத் திருப்பித் தர வங்கி முகாமையாளர் யாரும் இல்லை.

பேரேட்டுக்கு வெளியே உள்ள உண்மை

இவை எல்லாம் திருத்தப்பட்டாலும் மிஞ்சும் கேள்வி ஒன்று: எழுதப்பட்டதே உண்மையா? தராசில் 48 கிலோ இருந்து கையால் 45 என்று பதிந்தால், புளொக்செயின் அந்த 45ஐ என்றென்றும் மாறாமல் காக்கும். மிளகில் பப்பாசி விதையைக் கலந்திருந்தால் ஹாஷுக்கு அது தெரியாது. காப்புறுதியிலும் இதே சிக்கல். மாத்தளை மாவட்டம் ஈர வலயத்திலிருந்து உலர் வலயம் வரை பரந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு பக்கம் கொட்டும் மழை மறுபக்கம் பெய்யாமல் போகலாம். தொலைவிலுள்ள மழைமானியின் அளவை வைத்து ஒப்பந்தம் தீர்மானித்தால், வயல் காய்ந்த விவசாயிக்கு ‘மழை போதுமானது’ என்ற பதில் வரும். ஆகவே விடையோடு, அந்த எண் எந்த மானியிலிருந்து, எந்தத் தராசிலிருந்து வந்தது, பதிந்தது யார் என்பதையும் உதவியாளர் சொல்ல வேண்டும்.

இன்னொரு கவலை அந்தரங்கம். அழிக்க முடியாத பேரேட்டில் ஒருவரின் தேசிய அடையாள அட்டை எண்ணை எழுதிவிட்டால் திரும்பப் பெற முடியாது. எண்ணை எழுதாமல் அதன் ஹாஷை மட்டும் எழுதினால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். இலங்கை அடையாள எண்ணில் பிறந்த ஆண்டும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அடங்கியிருக்கின்றன. மிஞ்சும் இலக்கங்கள் கொஞ்சம். சாத்தியமான எண்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணினிக்கு அதிக நேரம் ஆகாது. உதவியாளர்கள் வந்ததும் இந்த ஆபத்து பெருகுகிறது. சிதறிக் கிடக்கும் வரிகளைச் சேர்த்து, ‘இந்த வீட்டுக்கு இந்த மாதம் இவ்வளவு பணம் வந்தது’ என்று சொல்லும் திறமையும் அவற்றுக்கு உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. பேரேட்டை வடிவமைப்பவர்கள் முதல் வரி எழுதுமுன்னே அதைப் படிக்க வேண்டும்: பெயரும் அடையாளமும் வெளியே, திருத்தக்கூடிய தரவுத்தளத்தில் இருக்கட்டும், அழியாத பேரேட்டில் அவற்றோடு நேரடித் தொடர்பில்லாத எண்கள் மட்டும் போகட்டும்.

எப்படிக் கேட்க வேண்டும்?

இந்த இணைப்பை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அதே அளவு உறுதியோடு மூன்று நிபந்தனைகளையும் வைக்கிறேன்.

ஒன்று, விடை தனியாக வரக் கூடாது. எந்தக் கருவியிடம் என்ன வினவல் அனுப்பப்பட்டது, எந்த ஒப்பந்த முகவரி, எந்தத் தொகுதி எண் வரை, எத்தனை வரிகள் கிடைத்தன என்பதும் அதன் கீழே வர வேண்டும். எதீரியத்தில் ஒரு தொகுதி இனி மாறாது என்று உறுதியாக ஏறத்தாழ 13 நிமிடம் ஆகும். அதற்கு முந்திய விடையானால் அதையும் சொல்ல வேண்டும். இந்த விவரங்கள் கையில் இருந்தால், விவசாயிக்குப் புரியாவிட்டாலும் அவருடைய மகளோ கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவரோ அதே கேள்வியை வேறு கருவியில் கேட்டு ஒத்துப் பார்க்கலாம். பொதுப் பேரேட்டின் பெரும் பலமே இதுதான்: இரண்டு விடைகள் முரண்பட்டால் எது சரி என்று மூலத்தில் போய்ப் பார்க்கலாம்.

இரண்டு, கூட்டலும் கழித்தலும் மாதிரியின் வாயால் நடக்கக் கூடாது. தசமம், நேர வலயம், வரி வரம்பு மூன்றையும் கருவிக்குள்ளேயே நிரலாக எழுதிவிட வேண்டும். 25 டொலர் 25 என்றே வரட்டும். நேரம் இலங்கை நேரமாக வரட்டும். 340இல் 100தான் வந்தது என்றால் அந்த எச்சரிக்கையும் கூடவே வரட்டும். மாதிரிக்கு விட வேண்டியது கேள்வியைப் புரிந்துகொள்வதும் விடையை விளக்குவதும் மட்டுமே.

மூன்று, தமிழும் சிங்களமும் பின்னால் ஒட்டவைக்கும் மொழிபெயர்ப்பாக இருக்கக் கூடாது. பெரும்பாலான மொழி மாதிரிகள் ஒரு தமிழ் வரியை ஆங்கில வரியைவிடப் பல மடங்கு அதிகமான துண்டுகளாக வெட்டியே வாசிக்கின்றன. அதனால் செலவும் தாமதமும் கூடும். உக்குவளை, உக்குவெல என்று ஓர் ஊரையே நாம் பலவாறு எழுதுகிறோம். நெற்காணியைப் புசல் கணக்கிலும் சொல்கிறோம். இவற்றை அறிந்த ஊர்ப்பெயர் அட்டவணையும் அளவை அட்டவணையும் கருவியோடு சேர வேண்டும். பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகளும் மாத்தளை ஆராய்ச்சி நிலையமும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்தால் செய்யக்கூடிய அளவான வேலை அது. சோதனைக் கேள்விகளை வயலில் நிற்கிறவர்களிடமிருந்து வாங்கி, ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை முதலில் கையால் கணக்கிட்டு வைத்து, உதவியாளர் எத்தனைக்குச் சரியாகச் சொல்கிறது என்று அளந்த பிறகே மக்கள் கையில் கொடுக்க வேண்டும்.

இந்தப் பேரேடுகள் நம்முடைய ஊர்களுக்கு வருமா என்பதை ஏற்றுமதிச் சந்தையும் காப்புறுதி நிறுவனங்களும் தீர்மானிக்கக்கூடும். வந்தால் அவற்றை யார் கேள்வி கேட்கலாம் என்பதை நாம் தீர்மானிக்கலாம். ஏற்றுமதியாளருக்கும் அதிகாரிக்கும் மட்டும் விடை சொல்லும் உதவியாளரைக் கட்டுவது எளிது. இரத்தோட்டையில் மூன்று கிலோ மிளகு விற்றவருக்கும் அதே விடையை அதே ஆதாரங்களோடு சொல்லும் உதவியாளரைக் கட்டக் கூடுதல் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைச் செலவாகப் பார்க்காமல் திட்டத்தின் முதல் வேலையாக வைக்க வேண்டும்.